அந்த முடிவு யாருடையது? பிரிட்ஜ் ஏலம் பற்றி வாசகர் கேள்விகள்

பிரிட்ஜ், இருவர் இருவராக நாலு பேர் ஆடும் சீட்டாட்டம். இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஏலம் பற்றியவை, அதாவது எந்த இனம் துருப்பு, ஆறுக்கு மேல் எத்தனை பிடி (சுற்று) எடுப்போம் என்று ஆட்டத்துக்கு முன் கேட்பது பற்றியவை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படித்தபோது ஒன்று புரிந்தது. கைகள் வேறு வேறாக இருந்தாலும் சங்கடம் ஒன்றுதான்: இந்த இடத்தில் முடிவெடுக்க வேண்டியது நானா, பார்ட்னரா? நிறைய இடம் கேட்கும் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

மதுரையிலிருந்து ஒரு வாசகர்: எதிரணி வல்னரபிள் (வென்றாலும் தோற்றாலும் புள்ளி கூடும் நிலை), நாங்கள் இல்லை. என் கை: ஸ்பேட் 5, ஹார்ட் ராஜா, ராணி, 10, 9, 7, 6, 3, டைமண்ட் 8, 4, 2, கிளப் ஜாக், 6. நான் 3 ஹார்ட் என்று தொடங்கினேன். இடப்பக்கம் 3 ஸ்பேட், பார்ட்னர் பாஸ், வலப்பக்கம் 4 ஸ்பேட். நான் 5 ஹார்ட் கேட்டேன். எதிரணி டபுள் (பந்தயத்தைப் பெருக்குவது) சொல்லி மூன்று பிடி குறைந்தது, 500 போனது. விட்டிருந்தால் அவர்களுக்கு 620 வந்திருக்கும், 120 மிச்சம் என்றுதான் நினைத்தேன். பார்ட்னர் அன்று முழுக்க என்னுடன் சரியாகப் பேசவில்லை. செய்தது தவறா?

தவறுதான். உங்கள் கணக்கில் பிழை இல்லை, ஆனால் அந்தக் கணக்கைப் போட வேண்டியவர் நீங்கள் இல்லை.

3 ஹார்ட் என்று சொன்ன அந்த நொடியிலேயே உங்கள் கையை முழுக்கச் சொல்லிவிட்டீர்கள். ஏழு ஹார்ட், வெளியே சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை, தற்காப்பில் அதிகம் எதிர்பார்க்காதே. இதில் பார்ட்னருக்குத் தெரியாதது என்ன மிச்சம்? அவர் கையைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்? ஒன்றுமே இல்லை. இரண்டு கையையும் பார்க்கக்கூடிய ஒரே ஆள் மேசைக்கு எதிர்ப்பக்கம் இருந்தார். அவரைத் தாண்டி நீங்கள் முடிவெடுத்தீர்கள்.

கடிதத்தின் அடியில் நீங்களே அவர் கையையும் எழுதியிருக்கிறீர்கள்: ஸ்பேட் ராணி, ஜாக், 9, 2, ஹார்ட் 4, டைமண்ட் ஏஸ், ராஜா, 9, 3, கிளப் 9, 8, 7, 4. ஸ்பேட் கேட்டவர் உங்கள் இடப்பக்கம். அவருக்கு அடுத்து ஆடுபவர் உங்கள் பார்ட்னர். அதாவது அந்த ராணியும் ஜாக்கும் எதிராளியின் ஏஸ், ராஜாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கின்றன. இடப்பக்கத்தில் ஏஸ், ராஜா, 10 தலைமையில் ஆறு ஸ்பேட் இருந்தாலும் இரண்டு துருப்புப் பிடி பார்ட்னருக்குத்தான். டைமண்ட் ஏஸும் ராஜாவும் சேர்ந்தால் நான்கு. 4 ஸ்பேட் ஒன்று குறைகிறது. ஏலம் தன்னிடம் வந்ததும் டபுள் சொல்ல அவர் காத்திருந்தார். அந்த 200 உங்களுக்கு வர வேண்டியது. அதற்குப் பதில் 500 கொடுத்தீர்கள். மொத்தம் 700 வித்தியாசம். அவர் பேசாமல் இருந்ததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்த பெரியவர் ஒருவர் பயிற்சி மேசையில் ஒன்று செய்வார். 3 ஹார்ட், 3 ஸ்பேட் என்று தொடங்கிவிட்டால், கையிலிருக்கும் சீட்டுகளை அடுக்கிக் கவிழ்த்து மேசையில் வைத்துவிடுவார். தன் முறை வரும்போது சீட்டை எடுத்துப் பார்க்காமலே பச்சை பாஸ் அட்டையை வைப்பார். ஆட்டத்தில் அப்படிச் செய்யக்கூடாது, ஆனால் பாடம் மனதில் நின்றுவிட்டது. பார்ட்னர் உங்களைக் கேட்டால், அதாவது வேறு ஓர் இனத்தைச் சொல்லியோ, ஏஸ் எத்தனை என்று கேட்கும் 4 நோ டிரம்ப் (துருப்பு இல்லாத ஏலம்) சொல்லியோ விவரம் கேட்டால், பதில் சொல்லுங்கள். அவர் கேட்காதவரை உங்கள் வேலை முடிந்துவிட்டது.

யாழ்ப்பாணத்தில் பிறந்து இப்போது டொரொன்டோவில் இருப்பவர்: சின்ன வயசிலிருந்தே 304 எண்ட சீட்டாட்டம் விளையாடி வளர்ந்தனான். கேட்கிறதில் எங்கட ஒழுங்கையில் என்னை யாரும் வென்றதில்லை. பிரிட்ஜுக்கு வந்த பிறகு எப்பவும் அதிகமாய்க் கேட்டு மாட்டுப்படுறன். ஏன்?

304 ஆடியவர் என்றால் பாதிக் கிணறு தாண்டியவர். துருப்பு எத்தனை வெளியே போயிற்று, யாரிடம் எது மிச்சம் என்ற கணக்கு உங்களுக்குத் தானாக வரும். புதிதாக வருகிற பலருக்கு அதற்கே ஒரு வருடம் ஆகிறது.

ஆனால் கேட்பதன் பொருள் இரண்டு ஆட்டத்திலும் வேறு. 304-இல் ஜாக் 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2. ஓர் இனத்துக்கு 76, நான்குக்கும் 304. முதல் நான்கு சீட்டைப் பார்த்ததுமே துணிந்து கேட்கிறீர்கள், துருப்பைக் கவிழ்த்து வைத்து மறைக்கிறீர்கள். ரகசியம்தான் அங்கே பலம். பிரிட்ஜில் நீங்கள் கேட்பது எதிரே இருப்பவருக்கு எழுதும் கடிதம். ஒரே செய்தியை மூன்று முறை எழுதினால், மூன்று மடங்கு பலம் இருக்கிறது என்று அவர் நம்பிவிடுவார். ஆறு ஹார்ட் வைத்துக்கொண்டு ஹார்ட், ஹார்ட், மறுபடியும் ஹார்ட் என்று கேட்பவர்களுக்கு நேர்வது அதுதான்.

வாய் திறக்குமுன் ஒன்றை மட்டும் பாருங்கள்: இதுவரை சொல்லாத எதையாவது இது சொல்கிறதா? இல்லையென்றால் பாஸ். பார்ட்னர் உங்களைத் தள்ளிக்கொண்டு போகட்டும்.

கோயம்புத்தூர் வாசகி: பார்ட்னர் 1 ஸ்பேட், நான் 2 ஸ்பேட், அவர் 3 ஸ்பேட். என்னிடம் 8 புள்ளி (ஏஸ் 4, ராஜா 3, ராணி 2, ஜாக் 1). என் 2 ஸ்பேட் 6 முதல் 9 வரை என்று சொல்லியிருப்பதால் நடுவில் நிற்கிறேன். 4 ஸ்பேட் போகலாமா?

எந்த 8 என்பதைப் பொறுத்தது. ஒரு ஏஸும் ஒரு ராஜாவும் ஒரு ஜாக்கும் சேர்ந்த 8 வேறு, ராணிகளும் ஜாக்குகளும் சிதறிக் கிடக்கும் 8 வேறு. நான்காவது துருப்பு இருக்கிறதா? ஏதாவது ஓர் இனத்தில் ஒற்றைச் சீட்டா? இருந்தால் தயங்காமல் போங்கள். 4-3-3-3 என்று தட்டையாக, ராணி ஜாக்குகளாக இருந்தால் 3 ஸ்பேடிலேயே நில்லுங்கள்.

அப்புறம், என்ன ஆட்டம் என்று பாருங்கள். அணி ஆட்டத்தில், நீங்கள் வல்னரபிள் என்றால், கேம், அதாவது போனஸ் தரும் 4 ஸ்பேட், கேட்டு ஆனால் 620, கேட்காமல் பத்துப் பிடி எடுத்தால் 170. வித்தியாசம் 450, அது அணி ஆட்டத்தின் அளவுகோலான இம்ப்பில் 10. கேட்டு ஒன்று குறைந்தால் 100 போகும். 3 ஸ்பேடில் நின்றிருந்தால் 140 வந்திருக்கும். ஆக 240, 6 இம்ப். ஆறைப் பணயம் வைத்துப் பத்துக்கு ஆடுகிறீர்கள். 37.5 சதவீத வாய்ப்பு இருந்தாலே கேட்டது நட்டமில்லை. வல்னரபிள் இல்லையென்றால் 6 இம்ப் லாபத்துக்கு 5 இம்ப் ஆபத்து, ஏறக்குறைய 45 சதவீதம் வேண்டும். ஜோடி ஆட்டத்தில், மற்ற ஜோடிகளோடு ஒப்பிட்டுத் தரும் மேட்ச் பாயிண்ட் என்றால், பாதிக்குப் பாதி.

இதிலே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. இந்த 37.5-ஐ இருவருமே மனதில் வைத்துக்கொள்வார்கள். அவர் சாதாரணக் கையோடு, ‘வல்னரபிள்தானே, கொஞ்சம் இழுப்போம்’ என்று 3 ஸ்பேட் சொல்வார். நீங்களும் அதே காரணத்துக்காக 4 போடுவீர்கள். ஒரே கயிற்றை இரண்டு பேர் இழுத்து, 22 புள்ளியில் கேம். நான் எப்போதும் சொல்வது: 3 ஸ்பேட் சொல்லிக் கேமுக்கு அழைப்பவர் நல்ல கையோடு மட்டும் அழைக்கட்டும், பதில் சொல்பவர் தாராளமாக ஒப்புக்கொள்ளட்டும். இந்த ஏற்பாடு பார்ட்னருடன் பேசி வைத்ததாக இருந்தால், உங்கள் 8 புள்ளிக்கு நான் பெரும்பாலும் 4 ஸ்பேட் என்றுதான் சொல்வேன்.

சேலம்: எதிரணி 1 ஹார்ட், பார்ட்னர் டபுள். என்னிடம் ஐந்து ஹார்ட், ஆனால் 9-தான் பெரியது. மொத்தம் 2 புள்ளி. பாஸ் போட்டேன். அவர்கள் ஒரு பிடி கூடுதலாகவே எடுத்துவிட்டார்கள்.

அந்த டபுள் தண்டனை அல்ல, ‘உன் நல்ல இனத்தைச் சொல்’ என்ற வேண்டுகோள். கை மோசமாக இருக்கும்போதுதான் அவசியம் பதில் சொல்ல வேண்டும். பாஸ் போட வேண்டுமானால் ஹார்டில் ராணி, ஜாக், 10, 9, 8 மாதிரி இறுக்கமான வரிசை வேண்டும். 9 தலைமையில் ஐந்து சீட்டு என்பது நீளம் மட்டுமே. நாலு சீட்டு உள்ள எந்த இனமானாலும் சொல்லிவிடுங்கள்.

திருச்சி வாசகர்: எதிரணி 4 ஹார்ட் வரை வந்தது. பார்ட்னர் அரை நிமிடத்துக்கும் மேல் யோசித்துப் பாஸ் போட்டார். நான் 4 ஸ்பேட் கேட்டேன், ஆகிவிட்டது. எதிரணி டைரக்டரை (போட்டி நடுவரை) கூப்பிட்டது. அவர் என் ஏலத்தை நீக்கி, 4 ஹார்ட் ஆனதாக முடிவை மாற்றிவிட்டார். எல்லார் முன்னாலும் ஏமாற்றுக்காரன் ஆனது போல இருந்தது.

உங்கள் வருத்தம் புரிகிறது. முதலில் மனதிலிருந்து அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள். பார்ட்னர் யோசித்தது தவறில்லை, யோசிப்பதற்குத்தான் ஆட்டம். டைரக்டரும் உங்கள் மீது பழி போடவில்லை. பிரிட்ஜ் சட்டத்தின் 16-ஆவது விதி சொல்வது இவ்வளவுதான்: பார்ட்னரின் ஏலமும் ஆட்டமும் தவிர, அவர் தாமதம், தொனி, முகம் வழியாக உங்களுக்கு வந்த தகவல் உங்களுக்கு உரியதல்ல. அந்தத் தாமதம் ஒரு வழியைக் காட்டியது, பாஸ் போடுவதும் நியாயமான வழியாகவே இருந்தது என்றால், காட்டிய வழியில் நீங்கள் போகக்கூடாது. அரை நிமிட யோசனை, ‘என்னிடம் ஏதோ இருக்கிறது’ என்று சொல்லிவிட்டது. உங்கள் மனதில் அது இல்லாமலே இருந்திருக்கலாம். டைரக்டர் மனதுக்குள் எட்டிப் பார்க்க முடியாது. மேசையில் நடந்ததை வைத்துத்தான் தீர்ப்பு.

பெரிய போட்டிகளில் மேசைக்குக் குறுக்கே திரை வைத்துப் பார்ட்னர்களைப் பிரிப்பது இதற்காகவும்தான். 1975-இல் பெர்முடாவில் நடந்த பெர்முடா கிண்ணப் போட்டியில், அதாவது உலக அணிப் போட்டியில், திரை வந்தது. 2015-இல் அதே கிண்ணம் சென்னையில் நடந்தபோது, அதற்குச் சில வாரங்களுக்கு முன் கிளம்பிய மோசடிப் புகார்களால் சில நாடுகள் அணியையே விலக்கிக்கொண்டன. போலந்து வென்றது. அந்தப் புகார்கள் பேசி வைத்துச் செய்யும் சைகை பற்றியவை, அது குற்றம். உங்களுடையது வேறு வகை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து வருந்தாதீர்கள்.

இனி என்ன செய்யலாம்? பார்ட்னர் நீளமாக யோசித்துப் பாஸ் போட்டால், கேட்பதற்கு உங்கள் கையிலேயே தெளிவான காரணம் இருந்தால் மட்டும் கேளுங்கள். அவர் சட்டென்று பாஸ் போட்டிருந்தாலும் இதைத்தான் கேட்டிருப்பேன் என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்ல முடிந்தால்கூடப் போதாது. உங்களைப் போன்ற ஆட்டக்காரர்களில் கிட்டத்தட்ட யாருமே பாஸ் பற்றி யோசித்திருக்க மாட்டார்கள் என்ற அளவுக்குக் கை இருக்க வேண்டும்.

புதுச்சேரி: 4 நோ டிரம்ப் போட்டேன், 5 டைமண்ட் வந்தது, ஒரு ஏஸ். 6 ஸ்பேட் போனேன். எதிரணி முதல் இரண்டு பிடியிலேயே கிளப் ஏஸ், ராஜா எடுத்துவிட்டார்கள். எங்கே தப்பு?

4 நோ டிரம்ப் போட்ட இடத்தில். அது எத்தனை ஏஸ் என்று சொல்லும், எந்த ஏஸ் என்று சொல்லாது. ஓர் இனத்தில் உங்களுக்கு இரண்டு சின்னச் சீட்டு மட்டும் இருந்தால், விடை தெரிந்தாலும் அங்கே காப்பு, அதாவது எதிரணி முதல் இரண்டு பிடியை எடுக்கவிடாத சீட்டு, இருக்கிறதா என்று தெரியாது. அப்போது உங்களுக்குக் காப்புள்ள இனத்தைச் சொல்லிப் பார்ட்னரையும் கிளப் பற்றிச் சொல்ல விடுங்கள். அவரும் கிளப்பைத் தாண்டிப் போனால் 4 ஸ்பேடில் நிறுத்திக்கொள்ளலாம்.

திருநெல்வேலி, கல்லூரி மாணவி: அப்பாவோடு ஜோடி ஆடுகிறேன். எதிரணி 1 ஸ்பேட் கேட்டதும் நான் டபுள் போட்டேன், அவர் அதைத் தண்டனை என்று எடுத்துப் பாஸ் போட்டுவிட்டார். கை முடிந்ததும், “ஏம்மா அதைப் போட்டே?” என்றார். அடுத்த கையில் எனக்குச் சீட்டே தெரியவில்லை. ஒவ்வொரு வாரமும் இதே கதை.

அப்பா 1 கிளப் என்று தொடங்கியிருப்பார், உங்களிடம் நான்கு ஹார்டும் கொஞ்சம் புள்ளியும் இருந்திருக்கும். நீங்கள் படித்த முறையில் அந்த டபுள் சரி. அமெரிக்காவின் ஆல்வின் ராத் இதைக் கொண்டுவந்தது 1957-இல். அதே ஆண்டு சோவியத் யூனியன் செயற்கைக்கோள் விட்டதால் இதற்கு ஸ்புட்னிக் என்றே பெயர் வந்தது. அதற்கு முன் அந்த இடத்தில் டபுள் என்றால் தண்டனை. அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் பழைய முறைக்காரர்களாக இருக்கலாம். அவரும் சரி, நீங்களும் சரி. ஒப்புக்கொள்ளாமல் மேசைக்குப் போனதுதான் சரியில்லை.

இனி கை முடிந்ததும் பேச்சு வேண்டாம். ஒரு சின்ன நோட்டில் போர்டு எண்ணை (அந்தக் கையின் எண்ணை) மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், ஆட்டம் முழுக்க முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு எடுங்கள். “ஏன் போட்டே” என்று அப்பா தொடங்கினால், “அது உங்களுக்கு என்ன சொல்லிச்சுப்பா?” என்று திருப்பிக் கேளுங்கள். சண்டை அங்கேயே பாதி குறையும்.

அடுத்த ஆட்டத்துக்கு முன் ஸ்புட்னிக் பற்றி மூன்றை எழுதி முடித்துவிடுங்கள். எந்த அளவு வரை அது? 2 ஸ்பேட் வரைக்கா, 3 ஸ்பேட் வரைக்கா? எதிரணி இனத்திலேயே நீங்கள் பலமாக இருந்தால் பாஸ் போட்டுக் காத்திருப்பீர்கள், சரி. ஏலம் அப்பாவிடம் திரும்பி வரும்போது, நீங்கள் எதிரணியைத் தண்டிக்க வழி கிடைக்கும்படி அவர் டபுள் போட்டுத் திறந்து தருவாரா? கடைசியாக, எதிரணி 1 ஹார்ட் கேட்டால் உங்கள் டபுள் நான்கு ஸ்பேடா, ஐந்தா?