நீச்சலும் தெரியாது, விசா முத்திரையும் இல்லை: கரீபியத் தீவில் படகேறலாமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் எச்-1பி விசாவில் பணிபுரிகிறேன். டிசம்பர் கடைசி வாரத்தில் மனைவி, மாமனார், மாமியார், இங்கே முதுகலை படிக்கும் மைத்துனர் ஆகியோருடன் அமெரிக்க விர்ஜின் தீவுகளில் உள்ள செயின்ட் தாமஸுக்கு விமானத்தில் செல்கிறோம். அங்கிருந்து ஒரு நாள் படகுப் பயணமாக விர்ஜின் கோர்டா தீவின் ‘பாத்ஸ்’ கடற்கரைக்கும், நார்மன் தீவுக்கு அருகிலுள்ள ‘இண்டியன்ஸ்’ பாறைகளுக்கும் அழைத்துச் சென்று ஸ்நார்க்கெலிங் (கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டி, நீர்ப்பரப்பில் மிதந்தபடி கடலடியைப் பார்ப்பது) செய்ய வைப்பதாகச் சொல்லி, ஒரு பயண முகவர் முன்பணம் வாங்கியிருக்கிறார். எனக்கும் மனைவிக்கும் நீச்சல் தெரியாது. என் விசா முத்திரை காலாவதியாகிவிட்டது. நீட்டிப்புக்கான ஐ-797 கடிதம் மட்டும் இருக்கிறது. மைத்துனரின் மாணவர் விசா முத்திரையும் முடிந்துவிட்டது. எதுவும் பிரச்சினை இல்லை என்கிறார் முகவர். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். அவர் பிரச்சினை இல்லை என்று சொன்ன இரண்டில் ஒன்று உங்களை வேலைக்குத் திரும்ப முடியாமல் வெளியே நிறுத்திவிடக்கூடியது. மற்றொன்று உயிரோடு விளையாடுவது. ஆனால் செயின்ட் தாமஸ் பயணத்தையே ரத்து செய்ய வேண்டிய தேவை எதுவும் இல்லை. அந்தப் படகுப் பயணத்தை மட்டும் விட்டுவிட்டு, பக்கத்தில் இருக்கும் செயின்ட் ஜான் தீவுக்குச் சென்று, கரையிலிருந்து நடந்தே கடலில் இறங்குங்கள். நீங்கள் பார்க்க விரும்பும் மீன்களும் ஆமைகளும் அங்கேயே இருக்கின்றன.

முதலில் விசா. அமெரிக்க விர்ஜின் தீவுகளை அமெரிக்கா 1917-இல் டென்மார்க்கிடமிருந்து விலைக்கு வாங்கியது. குடிவரவுச் சட்டத்தின் கணக்கில் அவை அமெரிக்காவின் பகுதியே. ஆகவே நியூவர்க்கிலிருந்து விமானம் ஏறி நேராகவோ, மயாமி போன்ற வேறோர் அமெரிக்க நகரில் மாறியோ செயின்ட் தாமஸில் இறங்கினால் நீங்கள் அமெரிக்காவை விட்டு வெளியேறியதாக ஆகாது. விசா முத்திரை காலாவதியாகியிருப்பது அங்கே ஒரு பொருட்டல்ல. ஆனால் சுங்க விதிகளின்படி இத்தீவுகள் தனி எல்லை என்பதால், ஊருக்குத் திரும்பும்போது செயின்ட் தாமஸ் விமான நிலையத்திலேயே சுங்க, எல்லைக் காவல் அதிகாரிகள் ஒவ்வொருவரையும் நிறுத்தி ஆவணம் பார்ப்பார்கள். பாஸ்போர்ட், ஐ-797-இன் மூலப்பிரதி, எதுவரை தங்கலாம் என்பதைக் காட்டும் ஐ-94 பதிவின் அச்சுப்பிரதி ஆகிய மூன்றையும் கையில் வைத்திருங்கள். விடுமுறை வாரத்தில் அந்த வரிசை நீளும் என்பதால் நேரத்தோடு கிளம்புங்கள்.

முகவர் உங்களை அழைத்துச் செல்லும் விர்ஜின் கோர்டாவோ பிரிட்டிஷ் விர்ஜின் தீவுகளைச் சேர்ந்தது. செயின்ட் ஜானின் கரையில் நின்றால் பிரிட்டிஷ் தீவான டோர்டோலாவின் வீடுகள் வெறும் கண்ணுக்கே தெரியும். படகில் போகிறவருக்கு எல்லை என்று ஒன்று இருப்பதே புலப்படாது. ஆனால் அந்தக் கடலைக் கடந்துவிட்டால் நீங்கள் வெளிநாடு போய்விட்டீர்கள். திரும்பி வரும்போது செயின்ட் ஜானில் உள்ள க்ரூஸ் பே துறைமுகத்தில் அமெரிக்க அதிகாரி காலாவதியாகாத விசாவைக் கேட்பார். ஐ-797 கடிதம் அமெரிக்காவுக்குள் தங்கி வேலை செய்வதற்கான அனுமதிக்குச் சான்றே தவிர, உள்ளே நுழைவதற்கான சீட்டு அன்று. ‘ஒரே நாளில் திரும்பிவிடுவதால் கணக்கில் வராது’ என்று படகுக்காரர்களும் முகவர்களும் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். சட்டத்தில் அப்படி ஒரு சலுகை கிடையாது.

இங்கே ஒரு விதிவிலக்கைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் உங்கள் மைத்துனரின் நண்பர்கள் யாராவது ‘நாங்கள் காலாவதியான விசாவோடு கரீபியத் தீவுக்குப் போய்த் திரும்பினோமே’ என்று சொல்வார்கள், அதைக் கேட்டு நீங்களும் துணிந்துவிடக்கூடும். காலாவதியான விசா தானாகவே நீட்டிக்கப்பட்டதாகக் கருதப்படும் ஒரு விதி உண்மையாகவே இருக்கிறது. முப்பது நாட்களுக்கு உட்பட்ட பயணமாக இருந்து, செல்லத்தக்க ஐ-94 கையில் இருந்து, வெளியே இருக்கும்போது புதிய விசாவுக்கு விண்ணப்பிக்காமலும் இருந்தால், பழைய முத்திரையை வைத்தே உள்ளே விடுவார்கள். எச்-1பி வைத்திருப்பவருக்கு இந்தச் சலுகை நில எல்லையைப் பகிரும் கனடா, மெக்சிகோ ஆகிய இரு நாடுகளுக்கு மட்டுமே உண்டு. எஃப், ஜே பிரிவுகளைச் சேர்ந்த மாணவர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் அது கியூபா நீங்கலாக அண்டைத் தீவுகளுக்கும் நீள்கிறது; கரீபியக் கடலின் பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதிகள் அந்தப் பட்டியலில் அடங்கும். ஆகவே கல்லூரி கையொப்பமிட்ட, மாணவர் தகுதிச் சான்றான ஐ-20 படிவத்தோடு உங்கள் மைத்துனர் போய்த் திரும்புவதை அமெரிக்க விதி தடுக்காது. அதே படகில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உங்களைத் தடுக்கும். இன்னொரு முடிச்சும் இருக்கிறது. அமெரிக்கா திரும்பச் சேர்த்துக்கொள்ளும் என்பதற்காகப் பிரிட்டிஷ் தீவு இந்தியப் பாஸ்போர்ட்டை உள்ளே விட்டுவிடும் என்று பொருளில்லை. அந்த அனுமதியைத் தீவின் குடிவரவுத் துறையிடம் மைத்துனர் தனியாக, எழுத்தில் பெற வேண்டும். இவ்வளவும் செய்து அவர் ஒருவர் மட்டும் போய் வருவதில் குடும்பத்துக்கு என்ன லாபம் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

வரி கட்டி வேலை செய்கிறவருக்கு இரண்டு நாடுகள், மாணவருக்கு ஒரு கடல் முழுவதும் என்று பிரித்ததில் என்ன நியாயம் இருக்கிறது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அமெரிக்காவுக்குள் இருந்தபடியே முத்திரையைப் புதுப்பித்துக்கொள்ளும் வசதி ஒரு காலத்தில் இருந்தது. அதை 2004-இல் நிறுத்தினார்கள். இருபது ஆண்டுகள் கழித்து 2024-இல் இருபதாயிரம் பேருக்கு மட்டும் என்று ஒரு சோதனை நடத்திவிட்டு, மறுபடியும் பேசாமல் இருந்துவிட்டார்கள். ஒரு காகிதத்தில் குத்த வேண்டிய முத்திரைக்காகச் சென்னைத் தூதரக வாசலில் நிற்க வேண்டும் என்பதுதான் நிலைமை என்றால், அதைத் திட்டிக்கொண்டேனும் மதித்து நடப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அடுத்தது நீச்சல். ‘மிதவைச் சட்டை கொடுப்போம், நீச்சலே தேவையில்லை’ என்பது படகுப் பயணம் விற்பவர்கள் எல்லோரும் ஒப்பிக்கும் வாசகம். மிதவைச் சட்டை உங்களை மூழ்க விடாது என்பது சரி. ஆனால் வாயில் உப்புத் தண்ணீர் புகுந்து, கண்ணாடிக்குள் நீர் ஏறி, காலடியில் தரையும் இல்லை என்று உணரும் அந்தக் கணத்தில் வருகிற பதற்றத்தை எந்தச் சட்டையும் தடுக்காது. ஹவாய்த் தீவுகளில் ஸ்நார்க்கெலிங் மரணங்கள் பற்றி மாநில அரசின் ஆதரவோடு நடந்த ஆய்வு ஒன்று, தண்ணீர் குடித்து மூழ்குவதை விட வேறொரு காரணத்தைச் சுட்டியது: குழாய் வழியே மூச்சை இழுப்பதில் உள்ள தடையும், உடல் உழைப்பும், ஏற்கெனவே இருக்கும் இதய நோயும் சேர்ந்து, ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்து ஆள் சத்தமில்லாமல் சோர்ந்துபோகிறார். அந்த ஆய்வு அழுத்திச் சொன்ன இன்னொன்று, ஏறத்தாழ எல்லா விபத்துகளும் கால் தரை தொடாத இடத்தில் நிகழ்ந்தவை என்பது. நீங்கள் நினைவில் வைக்க வேண்டியது இந்த ஒன்றைத்தான்.

இப்போது முகவர் காட்டும் இடங்களைப் பாருங்கள். இண்டியன்ஸ் என்பது நடுக்கடலில் நிற்கும் நான்கு பாறைகள். சுற்றிலும் ஆழம் ஐம்பது அடி வரை போகும், கரையே கிடையாது. பாத்ஸில் படகு கரைக்கு வருவதில்லை. தள்ளி நிறுத்திவிடுவார்கள், கடைசித் தூரத்தை நீந்தித்தான் கடக்க வேண்டும். போதாததற்கு டிசம்பர், ஜனவரி மாதங்களில் வட அட்லாண்டிக் புயல்கள் கிளப்பிவிடும் நெட்டலைகள் இத்தீவுகளின் வடக்குக் கரைகளை வந்து அறையும். ‘கிறிஸ்துமஸ் காற்று’ என்று உள்ளூரார் அழைக்கும் பலத்த வாடைக் காற்றும் அப்போதுதான். பாத்ஸில் சிவப்புக் கொடி ஏற்றி இறங்கத் தடை விதிக்கும் நாட்கள் இப்பருவத்தில் வருவது வழக்கம். அன்று முகவர் பணத்தைத் திருப்பித் தருவாரா என்று அவருடைய ரசீதின் அடியில் உள்ள பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். பிரிட்டிஷ் தீவின் சுங்கக் கட்டணத்தைத் தனியாக வசூலிப்பார்கள் என்பதும் பெரும்பாலும் அதே பொடி எழுத்தில்தான் இருக்கும்.

அதற்குப் பதிலாகச் செய்ய வேண்டியது எளிது. செயின்ட் தாமஸின் ரெட் ஹூக் துறையிலிருந்து க்ரூஸ் பேவுக்கு அடிக்கடி பயணிகள் படகு உண்டு. இருபது நிமிடப் பயணம், இரண்டு கரையும் அமெரிக்காவே. இறங்கியதும் துறையில் நிற்கும் திறந்த வண்டி டாக்சிகளின் கட்டணம் அரசு ஆணையம் நிர்ணயித்தது, ஆளுக்கு இவ்வளவு என்று. அட்டவணையைக் கேட்டுப் பார்த்துவிட்டு ஏறுங்கள். ‘நாள் முழுக்கச் சுற்றிக்காட்டுகிறேன்’ என்று பேரம் பேசுகிறவரிடம் போகாதீர்கள். செயின்ட் ஜானின் பாதிக்கும் மேற்பட்ட நிலம் 1956-இல் அமைந்த தேசியப் பூங்காவைச் சேர்ந்தது. அதற்குள் இருக்கும் மாஹோ பே என்ற கடற்கரைதான் உங்களுக்கு ஏற்ற இடம். அடியில் மணலும் கடற்புல்லும். இடுப்பளவு, மார்பளவு நீரிலேயே பேராமைகள் புல் மேய்வதைக் காலையில் பார்க்கலாம். அவற்றைத் தொடுவதும் துரத்துவதும் சட்டப்படி குற்றம். பவளப்பாறை அங்கே அதிகம் இல்லை என்பதால் சிலர் முகம் சுளிப்பார்கள். முதன்முறை இறங்குகிறவருக்கு அது குறையே அன்று. புகழ்பெற்ற ட்ரங்க் பேயில் நீருக்கடியில் தகவல் பலகைகள் வைத்த 225 கஜத் தடம் இருக்கிறது, அதைப் பார்க்கத்தான் எல்லோரும் வருகிறார்கள். ஆனால் அந்தத் தடம் போகப் போகக் கால் எட்டாத ஆழம். மைத்துனர் போகட்டும், துணையோடு. நீங்கள் கரையோரமாகவே நில்லுங்கள். வடக்கே அலை அடிக்கும் நாளில் இந்த இரண்டையும் விட்டுவிட்டு, தெற்குக் கரையில் உள்ள சால்ட் பாண்ட் பேவுக்குப் போங்கள். நிழல் குறைவு, கொஞ்சம் நடக்க வேண்டும், தண்ணீர் பெரும்பாலும் அமைதியாக இருக்கும்.

முழு முகத்தையும் மூடும் புதுவகை முகமூடியை வாங்காதீர்கள், இலவசமாகக் கொடுத்தாலும் மாட்டாதீர்கள். மூச்சு முட்டும்போது சாதாரணக் குழாயைத் துப்பிவிட்டு வாயால் மூச்சு விடலாம். இதில் பட்டையைக் கழற்றினால்தான் காற்று. கண்ணையும் மூக்கையும் மட்டும் மூடும் வகையை, கடையிலேயே பட்டை போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் இழுத்துப் பாருங்கள். விழாமல் ஒட்டி நின்றால் பொருந்துகிறது. மீசை அடர்த்தியாக இருந்தால் அதன் வழியே தண்ணீர் கசியும். பயணத்துக்கு முன் மேலுதட்டை ஒட்டிக் கொஞ்சம் ஒதுக்கிக்கொள்வது நல்லது. உங்கள் ஊர் நீச்சல் குளத்தில் இடுப்பளவு நீரில் நின்று, முகத்தை மட்டும் அமிழ்த்திக் குழாயில் மூச்சு விடவும், முழங்காலை மார்போடு மடக்கிக் காலூன்றி எழவும் நீங்களும் மனைவியும் பழகிவிட்டுக் கிளம்புங்கள். கால் துடுப்பு உங்களுக்கு வேண்டாம், எழுந்து நிற்க விடாது.

வெயில் களிம்பு விற்பவர்கள் இன்னொரு கூட்டம். ஆக்சிபென்சோன், ஆக்டினாக்ஸேட், ஆக்டோகிரைலீன் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்று கலந்த களிம்புகளுக்குக்கூட அமெரிக்க விர்ஜின் தீவுகளில் 2020 முதல் தடை. ‘பவளத்துக்குப் பாதுகாப்பானது’ என்று புட்டியின் முன்பக்கம் எழுதியிருப்பதற்குச் சட்டப்படி எந்த வரையறையும் இல்லை, யாரும் அச்சிட்டுக்கொள்ளலாம். பின்பக்கம் திருப்பி, துத்தநாக ஆக்சைடு மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். அதை விட முழுக்கை நீச்சல் சட்டை ஒன்று மலிவு, முதுகு கருகாது.

மாமனாரும் மாமியாரும் ரத்த அழுத்தம், இதயம் என்று எதற்கேனும் மருந்து சாப்பிடுபவர்களானால் குழாயை வாயில் வைக்கவே வேண்டாம். கால் நனைத்துவிட்டு நிழலில் உட்காரட்டும். எந்த நிழல் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சிறிய பச்சை ஆப்பிள் போலக் காய்க்கும் மான்சினீல் என்ற மரம் இக்கடற்கரைகளில் வளர்கிறது. பிச்சாவரத்துத் தில்லை மரத்தின் குடும்பம், அதைப் போலவே பால் பட்டால் தோல் வெந்துபோகும், கண்ணுக்கும் ஆபத்து. மழைத்துளி அதன் இலை வழியே சொட்டினாலும் கொப்புளம் வரும். அடிமரத்தில் சிவப்புப் பட்டை தீட்டியிருந்தால் கிட்டே போகக் கூடாது என்று பொருள். தீட்டப்படாத மரங்களும் உண்டு, ஆகவே கீழே கிடக்கும் பழம் எதையும் தொட வேண்டாம்.

முன்பணத்தைப் பொறுத்தவரை, விசா முத்திரையும் நீச்சலும் தேவையில்லை என்று முகவர் தொலைபேசியில் சொன்னதை அவரே ஒரு மின்னஞ்சலில் எழுதித் தரும்படி இன்றே கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் அதையே காரணமாகக் காட்டிப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். எழுதிக் கொடுத்துவிட்டால் அந்த மின்னஞ்சல் உங்கள் கிரெடிட் கார்டு வங்கியிடம் காட்ட உதவும்: தவறான தகவலைச் சொல்லி விற்ற சேவை என்று, பயண நாள் வருவதற்கு முன்பே புகார் பதிவு செய்யுங்கள். பணமாகவோ வங்கி மாற்றமாகவோ கொடுத்திருந்தால் திரும்பி வருவது கடினம். அப்படியிருந்தாலும், கொடுத்த காசு வீணாகிறதே என்று படகில் ஏறிவிடாதீர்கள்.