புதிய யூனிட் எட்டு மாதத்தில் ஓட வேண்டும்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: ஓசூர் அருகே வாகன உதிரிபாகம் செய்யும் நிறுவனத்தில் பராமரிப்புப் பிரிவின் பொறுப்பாளராக இருக்கிறேன், டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவன். 10,000 சதுர அடி ஷெட், ஆறு சிஎன்சி (கணினி கட்டுப்பாட்டில் ஓடும்) மெஷின், புதிய உயரழுத்த மின் இணைப்பு எல்லாம் சேர்ந்த இரண்டாவது யூனிட்டை எட்டு மாதத்தில் முடித்துத் தரச் சொல்லியிருக்கிறார்கள். முதல் யூனிட் ஐந்து மாதம் தாமதமானது. இந்த முறை சொன்ன தேதியில் முடிக்க என்ன செய்ய வேண்டும்? அதற்கென மென்பொருள் வாங்கணுமா? பிஎம்பி என்ற திட்ட மேலாண்மைச் சான்றிதழ் உதவுமா?

பதில்: முதல் வேலையாக, முதல் யூனிட்டின் பழைய ஃபைல்களைக் கேட்டு வாங்குங்கள். ஆர்டர் கொடுத்த தேதி, அட்வான்ஸ் போன தேதி, வரைபடம் வந்த தேதி, மின்வாரியத்தில் மனு கொடுத்த தேதி, மெஷின் இறங்கிய தேதி, முதல் லாரி சரக்கு வெளியே போன தேதி. இவற்றை ஒரே தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். ஆள் நின்று வேலை பார்த்த நாட்களைவிட, ஒரு கையெழுத்துக்கும் ஒரு டிராயிங்குக்கும் ஒரு செக்குக்கும் காத்திருந்த நாட்கள்தான் அதிகமாகத் தெரியும். இந்த அளவுள்ள திட்டங்களில் காலம் போவது பெரும்பாலும் அங்கேதான். ஆகவே உங்கள் கவனத்தில் பாதிக்கு மேல் அந்த இடைவெளிகளுக்கே போகட்டும்.

அடுத்தது, 'முடிந்தது' என்றால் என்ன என்று நிர்வாகத்திடம் எழுதி வாங்குங்கள். கட்டடக் கான்ட்ராக்டருக்குத் தரை போட்டால் முடிந்தது. மெஷின் சப்ளையருக்கு ஒரு பீஸ் ஓட்டிக் காட்டினால் முடிந்தது. உங்கள் நிறுவனத்துக்கோ, வாடிக்கையாளர் புதிய இடத்தில் செய்த மாதிரிகளை அளந்து ஒப்புதல் தந்தால்தான் முடிந்தது. மெஷின் ஓடத் தொடங்கிய பிறகும் மாதிரி ஓட்டம், அளவீட்டு அறிக்கை, வாடிக்கையாளரின் தணிக்கை என்று சில வாரங்கள் ஓடிவிடும். அந்த வாரங்களைக் கணக்கில் சேர்க்காமல் எட்டு மாதம் என்று ஒப்புக்கொண்டால், தொடங்கும் நாளிலேயே தாமதம் தொடங்கிவிடுகிறது.

அந்த ஒப்புதல் தேதியிலிருந்து பின்னோக்கி வாருங்கள். மாதிரிக்கு மெஷின் மட்டம் பார்த்து நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்துவதற்குத் தரை முழு வலிமை பெற்றிருக்க வேண்டும். கான்கிரீட்டுக்கு அது 28 நாள் கணக்கு, அதில் குறைந்தது ஏழு நாளாவது தண்ணீர் விட்டுப் பதப்படுத்த வேண்டும், வெயில் காலத்தில் பத்து நாள். தரை போட மெஷினின் பவுண்டேஷன் டிராயிங் (அடித்தள வரைபடம்) வேண்டும். அட்வான்ஸ் வராமல் சப்ளையர் டிராயிங் அனுப்ப மாட்டார். அட்வான்ஸ் கொடுக்கக் கணக்குப் பிரிவு வங்கிக் கடன் ஒப்புதலைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஆக, இன்று கணக்குப் பிரிவு மேசையில் கிடக்கும் ஒரு தாள்தான் ஆறு மாதம் கழித்து உங்கள் மெஷினைத் தாமதப்படுத்தப்போகிறது. இப்படி ஒன்றையொன்று பிடித்து இழுக்கும் மிக நீளமான சங்கிலிக்குத்தான் கிரிட்டிகல் பாத் என்று பெயர். 1957-இல் அமெரிக்காவின் டூபான்ட் வேதிப்பொருள் நிறுவனத்தின் ஆலைப் பணிகளுக்காக உருவான முறை இது. இந்தச் சங்கிலியில் ஒரு நாள் தவறினால் திட்டமே ஒரு நாள் தள்ளிப்போகும். மற்ற வேலைகளில் சில நாள் தவறினாலும் சமாளித்துவிடலாம்.

இதற்கு நம் ஊரிலேயே நல்ல சான்று உண்டு. 1964 டிசம்பர் புயலில் பாம்பன் ரயில் பாலத்தின் கர்டர்கள் (இரும்பு உத்திரங்கள்) கடலில் விழுந்தன. சீரமைக்க முதலில் போட்ட கணக்கு ஆறு மாதம். பிறகு அதை மூன்று மாதமாகக் குறைத்தார்கள். பொறுப்பிலிருந்த இளம் பொறியாளர் இ. ஸ்ரீதரன் 46 நாளில் முடித்தார். புதுக் கர்டர் செய்து கொண்டுவரும் காலம்தான் கணக்கை நீட்டியிருந்தது. மீனவர்களின் உதவியோடு கடலுக்கடியில் கிடந்த கர்டர்களைத் தேடி எடுத்து மறுபடி பொருத்தியதும் அந்தக் காத்திருப்பே இல்லாமல் போயிற்று. உங்கள் சங்கிலியிலும் எந்தக் கண்ணி மிக நீளம், அதை முழுதாகத் தவிர்க்க வழி உண்டா என்று பாருங்கள். டிரான்ஸ்ஃபார்மர் வர நாளாகும் என்றால், மாதிரி ஓட்டத்துக்கு மட்டும் வாடகை ஜெனரேட்டரில் இரண்டு மெஷினை ஓட்டலாமா என்று சப்ளையரிடம் இப்போதே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

நாள் கணக்கு கேட்கும்போது 'எத்தனை நாளாகும்?' என்று கேட்டால் எல்லாம் நன்றாக நடந்தால் ஆகும் நாளைத்தான் சொல்வார்கள். மூன்று எண் கேளுங்கள்: எல்லாம் கூடிவந்தால், வழக்கமாக, எல்லாம் கெட்டுப்போனால். வழக்கமான எண்ணை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுங்கள். மின் இணைப்புக்கு 45, 60, 120 நாள் என்று சொன்னால் 67.5 வருகிறது; 68 நாள் என்று போடுங்கள். முதல் யூனிட்டுக்கு நிஜமாக ஆன நாள் கையில் இருந்தால், இந்த எண்ணைவிட அதையே நம்புங்கள்.

ஒவ்வொரு வேலையிலும் 'கொஞ்சம் சேர்த்து' நாள் ஒளித்துவைக்க விடாதீர்கள். இருக்கிற நாள் முழுவதையும் வேலை எடுத்துக்கொள்ளும். எட்டு மாதம் என்றால் சுமார் 34 வாரம். 29 வாரத்துக்குத் திட்டம் போட்டு, ஐந்து வாரத்தைக் கடைசியில் பொதுக் கையிருப்பாக வையுங்கள். சங்கிலியில் நழுவும் நாட்களை அதிலிருந்து கழித்துக்கொண்டே வாருங்கள். மூன்றில் ஒரு பங்கு வேலை முடிவதற்குள் கையிருப்பில் பாதி கரைந்தால் அன்றைக்கே நிர்வாகத்திடம் சொல்லிவிடுங்கள். எட்டாம் மாதம் சொன்னால் யாராலும் எதுவும் செய்ய முடியாது.

அனுமதிகளைத் தனித் தாளில் எழுதுங்கள்: தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்தின் வரைபட ஒப்புதல், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணைகள், மின் ஆய்வுத் துறையின் பாதுகாப்புச் சான்று, தீயணைப்புத் துறை. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே ஒருவர் பெயர் இருக்கட்டும். ஓசூர்ப் பக்கம் செப்டம்பர், அக்டோபரில் மழை கனக்கும். அதற்குள் கூரைத் தகடு ஏறிவிட வேண்டும். தீபாவளி, பொங்கலுக்கு உள்ளூர் ஆட்களும், சத் பூஜை, ஹோலிக்கு வட மாநிலத் தொழிலாளர்களும் ஊருக்குப் போவார்கள். அந்த நாட்களையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

திங்கள்தோறும் அரை மணி நேரக் கூட்டம் போதும். கட்டட, எலெக்ட்ரிகல் கான்ட்ராக்டர்களோடு கொள்முதல், கணக்குப் பிரிவு ஆட்களும் கட்டாயம் வர வேண்டும். அடுத்த மூன்று வாரத்து வேலை ஒவ்வொன்றையும் எடுத்து, டிராயிங், பொருள், ஆள், பணம், அனுமதி, முந்தைய வேலை ஆறும் தயாரா என்று கேளுங்கள். ஒன்று குறைந்தாலும் அந்த வேலையை இந்த வாரத்தில் போடாதீர்கள். மெஷின் நிறுவ வரும் சர்வீஸ் இன்ஜினியர் வந்து பார்த்து, எர்த் பிட் (மின் கசிவை நிலத்துக்குள் விடும் குழி) இல்லை, ஸ்டெபிலைசர் இணைக்கவில்லை, காற்று லைன் வரவில்லை என்று திரும்பிப் போவது மிகச் சாதாரணமாக நடக்கும் கூத்து. அவருடைய அடுத்த தேதி கிடைக்க வாரக்கணக்கில் ஆகலாம். '90 சதவீதம் முடிஞ்சது' என்ற பதிலை ஏற்காதீர்கள். முடிந்தது, முடியவில்லை என்று இரண்டே பதில்தான். பத்து வேலை சொல்லி ஆறு முடித்தால், மீதி நான்கின் காரணத்தை எழுதுங்கள். நான்கு வாரத்தில் ஒரே காரணம் திரும்பத் திரும்ப வந்து நிற்கும். அதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்.

நடுவில் மாற்றம் வரும். தூண் போட்ட பிறகு 'ஒரு டன் கிரேனை ஐந்து டன்னாக்கலாம்' என்பார் முதலாளி. முடியாது என்று சொல்ல வேண்டியதில்லை. தூண், பிராக்கெட், அடித்தளம் எல்லாவற்றிலும் என்ன மாறும், எவ்வளவு செலவு, எத்தனை நாள் என்று ஒரு பக்கத்தில் எழுதி அவரிடமே கையெழுத்து வாங்குங்கள். எழுத்தில் பார்த்ததும் பல மாற்றங்கள் அங்கேயே நின்றுவிடும். வாய்வார்த்தையில் மட்டும் எந்த மாற்றத்தையும் தொடங்காதீர்கள்.

மென்பொருளுக்குச் செலவு வேண்டாம். 60, 80 வேலைகளுக்கு எக்செல் தாளும் சுவரில் ஒட்டிய பெரிய அட்டவணையும் போதும். பிஎம்பி நல்ல படிப்புதான். ஆனால் டிப்ளமோ படித்தவர் தேர்வெழுத, திட்டங்களை நடத்திய ஐந்து ஆண்டு அனுபவமும் 35 மணி நேரப் பயிற்சியும் கேட்பார்கள். இந்த யூனிட்டை முடித்துவிட்டு விண்ணப்பிக்கலாம். அதன் ஆவணங்களைத் தேதிவாரியாக ஃபைல் செய்து வையுங்கள், அனுபவத்தைக் காட்ட உதவும்.