டைக்கிரி வீட்டில் போடுவது எப்படி? கேள்வி பதில்

ரம், எலுமிச்சை, சர்க்கரை, ஐஸ். டைக்கிரி என்ற கியூபா காக்டெயிலுக்கு வேண்டியது அவ்வளவுதான். வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, அளவு மட்டும் சொல்லுங்க போதும்.

வெள்ளை ரம் 60 மில்லி, எலுமிச்சைச் சாறு 30 மில்லி, சர்க்கரைப் பாகு 20 மில்லி. பாகு என்றால் கம்பிப் பதம் இல்லை; சர்க்கரையும் வெந்நீரும் சம அளவு கலந்து கரைத்து ஆற வைத்தது. கண்ணளவில் ஊற்றாதீர்கள். 5 மில்லி சாறு கூடினாலே ருசி மாறிவிடும்.

கேள்வி: ஷேக்கர் இல்லை. ஸ்பூனால் கலக்கினால் போதாதா?

போதாது. மூடி இறுகப் பிடிக்கும் பாட்டில் ஏதாவது வீட்டில் இருக்குமே, அதில் அளந்ததை ஊற்றி, முக்கால்வாசி கட்டி ஐஸ் போட்டு 12 முதல் 15 விநாடி பலமாகக் குலுக்குங்கள். பாட்டிலைப் பிடித்த கை விறைக்க வேண்டும். குலுக்கும்போது ஐஸ் கொஞ்சம் உருகும். அந்தத் தண்ணீரும் கணக்கில் உள்ளதுதான். அது சேராவிட்டால் ரம் தொண்டையில் காறும். தூள் ஐஸ் மட்டும் வேண்டாம், சட்டென்று உருகி நீர்த்துப்போகும். பிறகு டீ வடிகட்டியில் வடித்து, ஃப்ரீஸரில் வைத்த கிளாஸில் ஊற்றிக் குடித்துவிடுங்கள். ஆற அமரக் குடிக்கிற பானம் இல்லை இது.

கேள்வி: வெளிநாட்டு லைம்தான் வேண்டுமாமே?

யார் சொன்னது? நம் சந்தையில் விற்கும் சின்ன எலுமிச்சையும் கரீபியப் பக்கத்துச் சின்ன லைமும் ஒரே இனம். நம்மூர்ப் பழமே அருமையாகப் பொருந்தும். பாட்டிலில் அடைத்த சாறு மட்டும் ஆகவே ஆகாது. அப்புறம், தோல் நசுங்கும்வரை பிழிந்தால் கசப்பு இறங்கும்.

கேள்வி: ஓல்ட் மாங்க்கில் போடலாமா?

அந்தக் கறுப்பு ரம்மிலும் போடலாம், ஆனால் அது வேறு பானம். அதன் வெனிலா வாசனை எலுமிச்சையை அமுக்கிவிடும். பாகை 15 மில்லியாகக் குறையுங்கள்.

கேள்வி: பெயர் எங்கிருந்து வந்தது?

கியூபாவில் சாந்தியாகோ நகருக்குப் பக்கத்தில் டைக்கிரி என்ற ஊர். அங்கே சுரங்க வேலைக்கு வந்த அமெரிக்கப் பொறியாளர் ஜென்னிங்ஸ் காக்ஸ் 1898 வாக்கில் இதைக் கலந்தார் என்பார்கள். ரம்மும் கரும்பும் எலுமிச்சையும் தாராளமாகக் கிடைக்கும் தீவில் அவருக்கு முன்னால் யாருமே கலக்கவில்லை என்றால் நான் நம்ப மாட்டேன். ஹவானாவின் எல் ஃப்ளோரிடிடா பாரில் கான்ஸ்டன்டினோ ரிபலைகுவா இதை ஐஸோடு அரைத்துக் கொடுத்துப் பிரபலமாக்கினார். அங்கே வாடிக்கையாக வந்த அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே, சர்க்கரை இல்லாமல் இரட்டிப்பு ரம்மோடு கேட்பாராம்.

கேள்வி: புதினா போட்டால்?

புதினாவும் சோடாவும் சேர்ந்தால் அது மொஹிடோ. அதுவும் கியூபாதான், இன்னொரு நாள் பேசலாம்.

கேள்வி: ஜூஸ் மாதிரி இறங்குதே, எத்தனை குடிக்கலாம்?

சிக்கலே அதுதான். ஒரு கிளாஸில் இருப்பது ஒரு லார்ஜ், அதாவது 60 மில்லி ரம். நம்மூர் ரம்மில் ஆல்கஹால் 42.8 சதவீதம். இரண்டாவது கிளாஸ் ஊற்றுவதற்கு முன்னால் சாப்பிடுங்கள். ஒரு கிளாஸ் குடித்திருந்தாலும் வண்டிச் சாவியைத் தொடாதீர்கள்.