தெளிவுக்கனவு என்றால் என்ன? அதற்குள் மாட்டிக்கொள்ள முடியுமா?

கனவு ஓடிக்கொண்டிருக்கும்போதே "இது கனவு" என்று தெரிந்துவிடுவதுதான் தெளிவுக்கனவு. கண்விழிகள் வேகமாக அசையும் தூக்கக் கட்டத்தில்தான் இது பெரும்பாலும் வரும். அப்போது காட்சியும் உணர்ச்சியும் முழுவேகத்தில் ஓடும். சரிபார்க்கும் வேலையைச் செய்யும் மூளையின் நெற்றிப்பகுதி அடங்கியிருக்கும். அது கொஞ்சம் விழித்துக்கொண்டால் விஷயம் பிடிபட்டுவிடும். சோமனூர்ப் பக்கம் ராத்திரி ஷிப்டில் விசைத்தறி ஓடிக்கொண்டிருக்க, கண்ணசந்த தறிக்காரர் சட்டென்று முழிப்பது போல. தறி நிற்கவில்லை, பார்க்க ஆள் வந்தாச்சு. ஆனால் தறியில் ஏற்றிய பாவு நூலை அந்த நேரத்தில் மாற்ற முடியாது. கனவையும் நினைத்தபடியெல்லாம் திருப்ப முடியாது.

இது கட்டுக்கதை இல்லை. 1975-ல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹியர்ன் என்ற ஆய்வாளர், தூங்குபவர் கனவுக்குள் இருந்தே முன்பே பேசிவைத்தபடி கண்களை இடம்வலமாக அசைத்ததைக் கருவியில் பதிவு செய்தார்.

முயல விரும்பினால், 5 மணி நேரம் தூங்கி எழுந்து, அரைமணி விழித்திருந்து, "அடுத்த கனவில் கனவென்று உணர்வேன்" என்று சொல்லிக்கொண்டே மறுபடி படுங்கள். விடிகாலையில்தான் கண்விழிகள் அசையும் அந்தத் தூக்கக் கட்டம் நீளமாக இருக்கும். கனவா என்று சந்தேகம் வந்தால் மூக்கை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். அப்படியும் மூச்சு வருகிறதா? கனவுதான். பலருக்கும் இங்கேதான் கைநழுவும்: சந்தோஷத்தில் பதறினால் முழிப்பு வந்துவிடும். கனவிலேயே உள்ளங்கைகளைத் தேய்த்து நிதானப்படுங்கள். ஷிப்ட் மாறி மாறிப் போகிறவர்கள் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

கனவுக்குள் மாட்டி வெளியே வர முடியாமல் போகும் என்பது தவறு; அந்தத் தூக்கக் கட்டம் தானாகவே முடிந்துவிடும்.