ரோம் நகரைச் செக்வே வண்டியில் வழிகாட்டியுடன் சுற்றிப் பார்ப்பது பயனுள்ளதா?

கேள்வி: "ரோமில் மூன்று நாள்கள் தங்கவிருக்கிறோம். வழிகாட்டியுடன் செக்வே வண்டியில் பழைய நகரத்தைச் சுற்றிவரும் பயணத்தில் சேரலாமா? நாங்கள் யாரும் இதுவரை அதில் ஏறியதில்லை. வயதில் மூத்தவர் ஒருவரும் உடன் வருகிறார்."

தாராளமாகச் சேரலாம். செக்வே என்பது பக்கவாட்டில் இரண்டு சக்கரங்களும் நடுவே ஒரு பலகையும் கொண்ட மின்வண்டி; பலகையில் நின்று, முன்னால் உள்ள கைப்பிடியைப் பிடித்தபடி செல்ல வேண்டும். ஆனால் அதை முதல் நாள் காலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாளில் நேரம் மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம் என்று பலர் தள்ளிப்போடுகிறார்கள். அப்படிச் செய்தால் அந்தப் பயணத்தின் பாதிப் பயன் போய்விடுகிறது. எந்த மேடு எங்கே இருக்கிறது, எந்தப் பள்ளத்தாக்கு எந்த மேட்டைப் பிரிக்கிறது, ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடம் உண்மையில் எவ்வளவு தூரம் என்பதை உடம்புக்கு உணர்த்துவதுதான் செக்வே பயணம் தரும் பெரிய பயன். அது தெரிந்த பிறகு அடுத்த இரண்டு நாள்கள் நடந்து பார்ப்பது முற்றிலும் வேறு அனுபவமாக இருக்கும்.

நான் என் அக்காவுடன் சென்றிருந்தேன். அவருக்கு அப்போது 56 வயது. சைக்கிள்கூட ஓட்டிப் பழகாதவர். குழுவில் இருந்த ஏழு பேரில் அவர்தான் மிகவும் பயந்தார். ஆனால் மிக விரைவாகப் பழகிக்கொண்டவரும் அவரே. அதற்குக் காரணம் உண்டு. சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் ஓட்டிப் பழகியவர்களின் கை, ஆபத்து என்றவுடன் பிரேக்கைத் தேடும். செக்வேயில் பிரேக்கும் இல்லை, முடுக்கியும் இல்லை. நம் உடலின் எடை முன்னே போனால் வண்டி முன்னே போகும். எடையைக் குதிகாலுக்குக் கொண்டுவந்தால் வேகம் குறைந்து நிற்கும். பழைய பழக்கம் எதுவும் இல்லாத அக்காவுக்கு மறப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

இந்த வண்டி எப்படி நிற்கிறது என்பதை முன்கூட்டியே புரிந்துகொண்டால் பயம் பெருமளவு விலகிவிடும். உள்ளங்கையில் ஒரு கோலைச் செங்குத்தாக நிறுத்தி விளையாடும் சிறுவர்களைப் பார்த்திருப்பீர்கள். கோல் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே கையை நகர்த்தினால் கோல் விழாமல் நிற்கும். செக்வேயில் கோல் நாம், உள்ளங்கை சக்கரங்கள். நிற்கும் பலகைக்கு அடியில் உள்ள ஐந்து சுழல் உணரிகளும் சாய்வு உணரிகளும் நாம் எவ்வளவு சாய்ந்திருக்கிறோம் என்பதை நொடிக்குச் சுமார் 100 முறை கணித்துச் சொல்ல, மோட்டார்கள் அதற்கேற்பச் சக்கரங்களை நம் காலடிக்குக் கீழே கொண்டுவந்து சேர்க்கின்றன. படியேறும் சக்கர நாற்காலியை உருவாக்கும் முயற்சியில் இருந்த அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் டீன் கேமன், அந்த ஆய்விலிருந்து கிடைத்த சமநிலை நுட்பத்தைக் கொண்டு 2001 டிசம்பரில் இதை அறிமுகப்படுத்தினார். நகரப் போக்குவரத்தையே மாற்றிவிடும் என்று அன்று பேசப்பட்ட வண்டி அது. ஆனால் அதற்கு நிலைத்த இடம் கிடைத்தது சுற்றுலாவிலும் காவல்துறை ரோந்துப் பணியிலும்தான்.

புறப்படுவதற்கு முன் தரப்படும் பயிற்சியை எக்காரணம் கொண்டும் அவசரப்படுத்தாதீர்கள். எங்களுக்கு ஏறக்குறைய அரை மணி நேரம் பயிற்சி தந்தார்கள். வழிகாட்டி வண்டியின் முன்னால் நின்று கைப்பிடியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொள்ள, அக்கா முதலில் வலது காலை வைத்தார். இரண்டாவது காலையும் தூக்கி வைத்த கணத்தில் வண்டி முன்னும் பின்னுமாக நடுங்கத் தொடங்கியது. அது வண்டியின் நடுக்கமன்று. பயந்துபோன உடல் முன்னும் பின்னும் அசைய, ஒவ்வோர் அசைவுக்கும் வண்டி விடாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. "கீழே சக்கரத்தைப் பார்க்காதீர்கள், என் முகத்தைப் பாருங்கள்" என்று வழிகாட்டி சொன்னார். அக்கா நிமிர்ந்தவுடன் நடுக்கம் நின்றது. அதன் பிறகு திரும்புவதற்குக் கைப்பிடித் தண்டை அந்தப் பக்கமாகச் சாய்ப்பது, நின்ற இடத்திலேயே வட்டமடிப்பது, சரிவில் இறங்கும்போது எடையைப் பின்னால் வைத்துக்கொள்வது ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பழகினோம்.

இறங்குவதைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் ஏறுவதைவிட அதுவே கடினம். வண்டி முழுமையாக நின்ற பிறகு ஒரு காலைப் பின்னால் தரையில் வைத்து, அடுத்த காலையும் வைத்த பிறகே கைப்பிடியை விட வேண்டும். ஒரு கால் பலகையில் இருக்கும்போதே பதற்றத்தில் கைப்பிடியை இழுத்தாலோ தள்ளினாலோ வண்டி அந்தப் பக்கம் நகரும். வேகத்தைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. ஐ2 என்னும் மாதிரியின் உச்ச வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர். புதியவர்களுக்கான நிலையில் அதில் பாதிதான். எல்லையை நெருங்கும்போது பலகை தானாகவே பின்னோக்கி நிமிர்ந்து நம்மைத் தள்ளும். அந்தத் தள்ளலை எதிர்த்து மேலும் முன்னே சாய்கிறவர்கள்தான் குப்புற விழுகிறார்கள்.

ரோமின் பழைய தெருக்களில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, சம்பியெத்ரீனி எனப்படும் கற்பாவு. எரிமலைக் கருங்கல்லைச் சிறு சதுரங்களாகச் செதுக்கிப் பதித்த தளம் அது. பல நூற்றாண்டுகளாகக் கால்களும் சக்கரங்களும் தேய்த்ததில் வழவழப்பாகிவிட்டது. அதன்மேல் செல்லும்போது ஒவ்வொரு கல்லின் இடுக்கும் பாதத்தில் தெரியும். முழங்காலை விறைப்பாக வைத்திருந்தால் அந்த அதிர்வு நேராக இடுப்புக்கும் முதுகுக்கும் ஏறிவிடும். முழங்காலைச் சற்றே மடக்கி வைத்துக்கொண்டால் போதும். மழை பெய்தால் பயணத்தை வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இந்த வண்டி தன் சமநிலைக்குச் சக்கரத்தின் பிடிமானத்தையே நம்பியிருக்கிறது; சக்கரம் வழுக்கினால் அதனிடம் வேறு வழி கிடையாது.

எங்கள் குழுவில் ஒருவர் விழுந்தார். ஒரு கையில் கைபேசியைப் பிடித்துப் படமெடுத்தபடி மெதுவாகத்தான் வந்துகொண்டிருந்தார். நடைபாதை விளிம்பில் ஒரு பக்கச் சக்கரம் சாய்வாகப் போய் இடித்தது. அந்தச் சக்கரம் நின்றுவிட, மறு சக்கரம் தொடர்ந்து உருள, வண்டி நின்ற இடத்தில் சுழன்று அவரைப் பக்கவாட்டில் தள்ளிவிட்டது. முழங்காலிலும் உள்ளங்கையிலும் சிராய்ப்பு. தலைக்கவசம் இருந்ததால் அதற்கு மேல் ஒன்றுமில்லை. வேகத்தைக் காட்டிலும் இப்படி ஒரு சக்கரம் மட்டும் எதிலாவது மோதுவதே பெரும்பாலான விபத்துகளுக்குக் காரணம் என்று வழிகாட்டி சொன்னார். படம் எடுக்க வேண்டுமென்றால் நின்று, இறங்கி எடுங்கள்.

இனி, காணக் கிடைப்பவற்றைப் பற்றிச் சொல்கிறேன். பியாட்ஸா வெனேட்சியா என்னும் சதுக்கத்திலிருந்து, பழைய ரோமின் மாபெரும் அரங்கமான கொலோசியத்துக்கு நேர்க்கோடாகச் செல்லும் வியா தெய் ஃபோரி இம்பெரியாலி என்னும் அகன்ற சாலைதான் எங்கள் பயணத்தின் முதற்பகுதி. முசோலினியின் ஆட்சியில் 1932ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இந்தச் சாலைக்காக, அங்கே நெருக்கமாக இருந்த குடியிருப்புகள் இடிக்கப்பட்டன. வேலியா என்ற மேடு வெட்டப்பட்டது. பேரரசர்கள் கட்டிய பொதுமன்றங்களின் ஒரு பகுதி மீண்டும் மண்ணுக்குள் போனது. பேருந்தில் போகிறவருக்கு இது வெறும் நேர்ச்சாலை. செக்வேயில் போகும்போது இடப்புறம் தாழ்வான பள்ளத்தில் டிராஜன், அகஸ்டஸ் மன்றங்களின் தூண்களும், வலப்புறம் பழைய நகரத்தின் முதன்மைப் பொதுமன்றமான ரோமன் ஃபோரமும் தெரிய, நாம் அவற்றுக்கு மேலே ஓடுகிறோம் என்பது தெளிவாகப் புரிகிறது. பலகை தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு சாண் உயரத்தில் இருப்பதால் கூட்டத்தின் தலைகளுக்கு மேலாகப் பார்வை செல்லும். நடந்துபோய்ப் பார்த்தபோது மறுநாள் எனக்கு அந்தக் காட்சி பாதிதான் கிடைத்தது.

கொலோசியத்தை நேர்முகமாக மட்டும் பார்த்துப் படமெடுத்துத் திரும்புகிறவர்களே அதிகம். சுற்றி வந்தால்தான், 48 மீட்டர் உயரமுள்ள வெளிச்சுவர் வடபுறத்தில் மட்டும் முழுமையாக நிற்பதும், தென்புறத்தில் அது சரிந்து உள்வரிசை வளைவுகளே எஞ்சியிருப்பதும் தெரியும். வெளிச்சுவர் முடியும் கிழக்கு முனையில் செங்கல்லால் கட்டிய ஒரு முட்டுச்சுவர் இருக்கிறது. சரிந்துகொண்டிருந்த அந்தப் பகுதியைக் காப்பாற்ற 1807ஆம் ஆண்டு ரஃபாயேலே ஸ்டெர்ன் என்ற கட்டடக் கலைஞர் எழுப்பியது அது. நழுவத் தொடங்கிய கற்களை மீண்டும் சீராக அடுக்காமல், நழுவிய நிலையிலேயே வைத்து வளைவுகளைச் செங்கல்லால் அடைத்திருக்கிறார். விழுந்துகொண்டிருக்கும் ஒரு கணம் அப்படியே நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. வழிகாட்டி அந்த இடத்தில் வண்டிகளை நிறுத்தி, விரலால் ஒவ்வொரு கல்லாகச் சுட்டிக் காட்டினார். அதற்காகவே நல்ல வழிகாட்டி வேண்டும் என்பேன்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் சிர்கோ மாசிமோ. கொலோசியம் தரும் வியப்பு அங்கே முதல் பார்வைக்குக் கிடைப்பதில்லை; பாலடைன் மேட்டுக்கும் அவெண்டைன் மேட்டுக்கும் இடையே சுமார் 600 மீட்டர் நீளமுள்ள புல்வெளிப் பள்ளம், ஒரு முனையில் சில இடிபாடுகள், அவ்வளவுதான். ஒன்றுமில்லாத வெளி என்று நினைத்துப் பலர் கடந்துவிடுகிறார்கள். ஆனால் பழைய ரோமில் தேர்ப்பந்தயம் நடந்த மாபெரும் களம் அதுவே. அந்தத் தேர்களுக்கு இரண்டே சக்கரங்கள். ஓட்டுபவர் நின்றபடியே, உடலைச் சாய்த்துத்தான் அவற்றைச் செலுத்தினார். கடிவாள வார்களை இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொள்வார். தேர் கவிழ்ந்தால் குதிரைகள் தம்மை இழுத்துச் செல்லாதிருக்க, வாரை அறுப்பதற்கு ஒரு கத்தியும் வைத்திருப்பார். ஒரு பந்தயத்துக்கு ஏழு சுற்றுகள். கையூஸ் அப்புலேயுஸ் டியோக்ளிஸ் என்ற தேரோட்டி 24 ஆண்டுகளில் 4,257 பந்தயங்களில் ஓடி 1,462 முறை வென்றார் என்று அவருக்காக எழுப்பப்பட்ட கல்வெட்டு கூறுகிறது.

களத்தின் மேட்டு விளிம்பில் நிற்கும்போது இதையெல்லாம் வழிகாட்டி சொல்லக் கேட்டோம். அரை மணி நேரத்துக்கு முன்புதான் இரண்டு சக்கரப் பலகையில் நின்று, வளைவில் எடையை எந்தக் காலில் வைப்பது என்று தடுமாறிப் பழகியிருந்த எனக்கு, நான்கு குதிரைகள் இழுக்க அந்தக் குறுகிய முனையில் தேரைத் திருப்புவது எத்தகைய வேலையாக இருந்திருக்கும் என்பது முழங்காலிலேயே விளங்கியது. எந்த அருங்காட்சியகமும் எனக்கு இதைத் தந்திருக்க முடியாது.

அங்கிருந்து அவெண்டைன் மேட்டுக்கு ஏறுவது வயதில் மூத்தவருக்கு இந்த வண்டி செய்யும் பெரிய உதவி. நடந்தால் மூச்சு வாங்கும் ஏற்றத்தைச் சற்று முன்னே சாய்ந்தபடியே ஏறிவிடலாம். மேலே ஆரஞ்சு மரத் தோட்டமும், ஐந்தாம் நூற்றாண்டின் சாந்தா சபீனா தேவாலயமும், பதினெட்டாம் நூற்றாண்டுக் கலைஞர் பிரானேசி வடிவமைத்த சதுக்கத்தில் மால்டா வீரர் சபை என்னும் கத்தோலிக்க அமைப்பின் வாயிற்கதவும் இருக்கின்றன. அந்தக் கதவின் சாவித்துளை வழியாகப் பார்த்தால், நறுக்கிச் சீராக்கிய செடி வரிசைகளின் முடிவில் புனித பேதுரு பேராலயத்தின் குவிமாடம் தெரியும். பகலில் வரிசை நீளும். காலைப் பயணம் என்றால் காத்திருப்பு குறைவு.

இழப்புகளையும் சொல்லியாக வேண்டும். செக்வே பயணத்தில் எதற்குள்ளும் நுழைய முடியாது. கொலோசியத்தின் உட்புறம், ரோமன் ஃபோரம், வத்திக்கான் அருங்காட்சியகங்கள் ஆகியவற்றுக்குத் தனியே நுழைவுச்சீட்டும் நேரமும் ஒதுக்க வேண்டும். படிகளும் முடியாது, காப்பிட்டோலிய மேட்டுக்கு ஏற மைக்கேலாஞ்சலோ வடிவமைத்த சரிவுப்படிகளைக் கீழிருந்தே பார்த்துவிட்டு, மறுநாள் நடந்துதான் ஏறினோம். குறுகிய சந்துகளில் செக்வே ஓட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அங்கே மக்கள் வாழ்கிறார்கள். கதவைத் திறந்து வெளியே கால் வைக்கும் ஒரு முதியவருக்கு முன்னால் ஏழு வண்டிகள் வரிசையாக வந்து நிற்பது எப்படியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பிராக் நகரம் 2016ஆம் ஆண்டில் தன் வரலாற்று மையத்தில் செக்வே வண்டிகளைத் தடை செய்ததற்கு, நடந்து செல்பவர்களின் இத்தகைய புகார்களே காரணம். வண்டியில் இருப்பவர் ஒதுங்கி நின்று, நடப்பவருக்கு வழிவிட வேண்டும்.

பதிவு செய்யும்போது மூன்றைக் கேளுங்கள். முதலாவது, ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர். ஏழெட்டுப் பேருக்கு மேல் என்றால் கடைசியில் வருபவரை யாரும் கவனிக்க முடியாது. இரண்டாவது, வண்டியின் மாதிரியும் பராமரிப்பும்; மூல செக்வேயின் உற்பத்தி 2020 ஜூலையில் நிறுத்தப்பட்டுவிட்டதால், இன்று ஓடுகிறவற்றில் பழைய வண்டிகளும் உண்டு; மின்கலமும் டயரும் எந்த நிலையில் இருக்கின்றன என்று தயங்காமல் விசாரியுங்கள். மூன்றாவது, எடையும் வயதும் பற்றிய வரம்பு. ஐ2 வண்டிக்கு ஓட்டுபவரின் எடை ஏறக்குறைய 45 முதல் 117 கிலோ வரை இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் பின்னால் சாய்ந்தாலும் வண்டி சரியாக நிற்காது. கருவுற்றவர்களும், தலைச்சுற்றல் அல்லது முழங்கால் தொல்லை உள்ளவர்களும் தவிர்ப்பது நல்லது.

உங்களுடன் வரும் மூத்தவருக்குத் தடை என்று நான் நினைக்கவில்லை. பத்து நிமிடம் ஓரிடத்தில் ஊன்றி நிற்க முடிகிறதா, கைப்பிடியை உறுதியாகப் பிடிக்க முடிகிறதா என்பதை மட்டும் பாருங்கள். பயிற்சி முடிந்த பிறகும் மனம் ஒப்பவில்லை என்றால் அங்கேயே விலகிக்கொள்ள முடியுமா, கட்டணம் திரும்பக் கிடைக்குமா என்பதையும் பதிவின்போதே பேசி வைத்துவிட்டால், அவர் நெருக்கடியின்றி ஏறிப் பார்ப்பார். என் அக்கா அப்படித்தான் ஏறினார்.