ஆண்டுச் சந்தா 12 லட்சம்: ஒரே மாத வருமானமா?

ஏப்ரலில் லாபம் சரிந்துவிட்டது, வாடிக்கையாளரிடம் வாங்கிய ஆண்டுச் சந்தா 12 லட்சத்தை பில் போட்ட மாதத்து வருமானமாகவே காட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படிக் காட்டக் கூடாது. ஜனவரி 1 அன்று தொடங்கிய சந்தாவில் மார்ச் 31 வரை ஓடியது மூன்று மாதம்தான். ஆகவே 3 லட்சமே மார்ச்சில் முடியும் இந்த நிதியாண்டின் வருமானம். மீதி 9 லட்சம் இருப்புநிலைக் குறிப்பில் (பேலன்ஸ் ஷீட்) பொறுப்பாக, அதாவது இன்னும் தர வேண்டிய சேவைக்கான கடனாக, நிற்க வேண்டும்.

ஏப்ரலில் லாபம் சரிந்தது என்கிறீர்களே, பெரும்பாலும் பில் பதியும்போதே முழுத்தொகையும் விற்பனைக் கணக்கில் விழுந்து, ஏப்ரலுக்கு எதுவும் மிஞ்சாமல் போயிருக்கும். நானும் இரண்டு வருடம் இப்படித்தான் ஓட்டினேன், ஆடிட்டர் சிவப்பு மையில் வட்டமிடும்வரை.

இந்த நிதியாண்டின் சந்தா பில்களை எடுத்து முடிவுத் தேதியைப் பாருங்கள். மார்ச் 31-ஐத் தாண்டுபவை அனைத்தும் பிரிக்க வேண்டியவை.

ஜி.எஸ்.டி.யை மட்டும் இப்படி மாதவாரியாகப் பிரித்துவிடாதீர்கள். 12 லட்சத்துக்கு 18 சதவீதம், அதாவது 2.16 லட்சம், பில் போட்ட மாதக் கணக்கிலேயே முழுதாகப் போக வேண்டும்.