பழைய கண்டி ஓவியத்தைப் பிரதி எடுத்து விற்பது குற்றமா?

கேள்வி: டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில் வசிக்கிறேன், பாடசாலையில் சித்திரம் கற்பிக்கிறேன். ஆங்கிலேயர் காலத்துக் கண்டி நகரக் காட்சிகளைப் பார்த்து எண்ணெய் வர்ணத்தில் வரைந்து விற்பதும் உண்டு. அவற்றில் அதிகம் 1819இல் வெளிவந்த கப்டன் லிட்டில்டனின் காட்சிகள். அந்த அச்சுப் படங்களின் மூலம் தன்னிடம் இருப்பதாகச் சொல்லும் ஒருவர், பதிப்புரிமை தனக்குரியது, ஐந்து இலட்சம் ரூபா நட்டஈடு வேண்டும் என்று சட்டத்தரணி மூலம் கடிதம் அனுப்பியிருக்கிறார். இதற்கிடையில் கண்டியில் ஒரு கடைக்காரர் முற்பணம் கொடுத்துவிட்டு, கன்வஸைத் தேயிலைச் சாயத்தில் நனைத்துப் பழசாக்கி, மூலையில் பழைய ஆங்கிலேய ஓவியர் ஒருவரின் பெயரை 'சாமுவேல் டேனியல், 1812' என்று எழுதித் தரச் சொல்கிறார். இலங்கை ஓவியர் ஜோர்ஜ் கீட்டின் ஓவியம் ஒன்றும் அவருக்கு வேண்டுமாம். என்ன செய்யட்டும், ஐயா?

பதில்: அன்புள்ள ஆசிரியருக்கு, உங்களைப் பயமுறுத்திய கடிதத்தில் பயப்பட ஒன்றுமில்லை. நீங்கள் சாதாரணமாகக் கேட்டிருக்கும் கடைக்காரர் விஷயம்தான் ஆபத்தானது.

முதலில் கடிதம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஓவியரின் ஆயுட்காலமும் அவர் இறந்தபின் 70 ஆண்டுகளும்தான் பதிப்புரிமை. 1819இல் படம் வெளியிட்டவர் எவ்வளவு நீண்ட ஆயுள் வாழ்ந்திருந்தாலும் அந்தக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. பழைய தாள் ஒன்றை விலைகொடுத்து வாங்கியவருக்கு அந்தத் தாள் சொந்தம். அதிலுள்ள காட்சியை வரையும் உரிமை அதனால் அவருக்கு வந்துவிடாது. உரிமையைக் கைமாற்றுவதென்றால் கையொப்பமிட்ட எழுத்து வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. அப்படி ஓர் எழுத்து இருந்தால் காட்டும்படி கேட்டு, கடிதத்தில் குறித்த தவணைக்குள் உங்கள் சட்டத்தரணி மூலம் பதிவுத் தபாலில் பதில் போடுங்கள். வந்த கடிதத்தை உறையோடு பத்திரப்படுத்துங்கள். "இனி வரையமாட்டேன்" என்று அவர்கள் நீட்டும் உறுதிமொழி எதிலும் கையொப்பம் வைக்காதீர்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதி இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள்.

ஒன்றை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இக்காலக் கலைஞர் எவராவது பழைய காட்சியில் தம் கற்பனையைச் சேர்த்துப் புதிதாக வரைந்த படத்தைப் பார்த்து வரைந்தீர்களானால், அந்தச் சேர்க்கைக்கு அவருக்கு உரிமை உண்டு. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகமும் யேல் பல்கலைக்கழகத்தின் பிரித்தானியக் கலை மையமும் உரிமைக்காலம் முடிந்த படங்களைத் துல்லியமாக, இலவசமாகத் தருகின்றன. அவற்றிலிருந்து வரைவது பாதுகாப்பு.

இனித் தேயிலைச் சாயம். சாமுவேல் டேனியல் 1811இலேயே இலங்கையில் இறந்துபோனார். 1812இல் அவர் எதையும் வரைந்திருக்க முடியாது. அப்போது கண்டி நகரமோ இன்னும் அரசன் கையில் இருந்தது. கடைக்காரருக்கு இது தெரியாது; வாங்கும் வெளிநாட்டுப் பயணிக்கும் தெரியாது என்பதை நம்பித்தான் அவர் வியாபாரம் செய்யப்போகிறார். பொய் சொல்லி நம்பவைத்து ஒருவரிடம் பணம் பெறுவது தண்டனைச் சட்டக்கோவையின் 398ஆம் பிரிவு சொல்லும் வஞ்சித்தல். விற்பவர் அவர்தான், உண்மை. ஆனால் எதற்காக என்று தெரிந்துகொண்டே சாயம் போட்டுப் பெயர் எழுதிக் கொடுத்தவர் உடந்தையாளராகிவிடுவார். அந்தக் கையெழுத்து உங்களுடையது என்பதை நிரூபிக்க அதிக சிரமம் இராது.

அந்த ஆண்டில் இன்னொரு பொறியும் இருக்கிறது. கண்டி இராச்சியத்தை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்த கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்ட பொருள்களைத்தான் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் தொல்பொருள் என்கிறது. அவற்றை அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டைவிட்டுக் கொண்டுபோக முடியாது. '1812' என்று எழுதிய கன்வஸோடு அந்தப் பயணி விமான நிலையத்தில் நிற்பதை நினைத்துப் பாருங்கள். சுங்க அதிகாரி கேட்கும் கேள்விகள் சுற்றிச் சுற்றி உங்கள் வீட்டு வாசலுக்கே வரும்.

சட்டத்தைத் தாண்டியும் எனக்கு இதில் மனவருத்தம் உண்டு. இரண்டாம் உலகப் போரில் தரைமட்டமான போலந்தின் வார்சோ நகரைத் திரும்பக் கட்டியபோது, 18ஆம் நூற்றாண்டில் இத்தாலிய ஓவியர் பெலோட்டோ வரைந்த நகரக் காட்சிகளையும் பார்த்தே பல கட்டடங்களை எழுப்பினார்கள். நகர ஓவியம் ஒரு சாட்சி. நம் கண்டிக்குப் பொய்ச்சாட்சி சொல்ல ஒரு சித்திர ஆசிரியரின் கை பயன்படக் கூடாது.

பிரதி எடுப்பது மரியாதையான தொழில். பாரிஸ் லூவரில் பிரதி எடுப்பவர்களுக்கு இன்றும் ஒழுங்கு இருக்கிறது: மூலத்தின் அளவிலேயே வரையக் கூடாது, மூல ஓவியரின் கையொப்பத்தைப் போடக் கூடாது. நீங்களும் அளவை மாற்றுங்கள். கன்வஸின் பின்புறத்தில் அழியாத மையால், "லிட்டில்டனின் 1819ஆம் ஆண்டுக் காட்சியைப் பார்த்து வரைந்தது" என்றும் அதன்கீழ் உங்கள் பெயரும் ஆண்டும் எழுதுங்கள். முன்புறத்திலும் உங்கள் கையொப்பம் இருக்கட்டும். பற்றுச்சீட்டில் 'கையால் வரைந்த பிரதி' என்று குறிப்பிடுங்கள். அந்த மூன்று சொற்கள் எந்த நீதிமன்றத்திலும் உங்களுக்காகப் பேசும்.

கீட் விஷயம் வேறு. அவர் 1993இல் காலமானார். 2063 முடியும்வரை அவருடைய ஓவியங்களுக்குப் பாதுகாப்பு உண்டு. அவருடைய பாணியின் சாயலில் நீங்கள் சொந்தமாக வரையலாம், பாணி யாருக்கும் தனிச்சொத்தல்ல. குறிப்பிட்ட ஓர் ஓவியத்தை அப்படியே வரைந்து விற்க, உரிமையாளரின் எழுத்துமூல அனுமதி வேண்டும். மனமறிந்து மீறினால் ஆறு மாதம்வரை சிறையோ, ஐந்து இலட்சம் ரூபாவரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

கடைக்காரரின் முற்பணத்தை இந்த வாரமே திருப்பிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக எழுதி வாங்குங்கள். என்ன காரணத்துக்காக மறுக்கிறீர்கள் என்பதைத் தொலைபேசியில் சொல்லாமல் வட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள். 2006ஆம் ஆண்டின் மின்னியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்தின் கீழ் அதைச் சான்றாக முன்வைக்கலாம். பெயர் எழுதச் சொல்லி அவர் அனுப்பிய செய்திகள் இருந்தால் அவற்றையும் அழிக்காதீர்கள். பின்புறம் எழுதிக் கையொப்பமிட்ட பிரதிகளை அப்படியே விற்க அவர் சம்மதித்தால், தாராளமாக அவருக்கே கொடுங்கள்.